சர்வர் டவுனா, நம்ம கார்டு டவுனா?

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் இ-சேவை மையம் நடத்துவோரும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில், இப்பகுதியில் நெட்வொர்க் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



முதல்ல ஒரு கேள்வி. "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்ற வார்த்தையைக் கேட்காதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. ஒருத்தர்கூட இல்லை. சரி, கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொன்னவங்க? பரவாயில்லை, பாதிக் கை மேலே போகுது. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் இருக்கீங்க, அதனால ரெண்டு பேருக்கும் சேர்த்தே பேசுறேன்.

சர்வர் டவுன் ஆகவே ஆகாதுன்னு நான் சொல்ல வரலை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல எல்லாரும் வருவாங்க. 2023 செப்டம்பர் 15-ம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கினப்போ, தேர்வாகாதவங்க இ-சேவை மையம் வழியா மேல்முறையீடு செய்யலாம்னு அறிவிச்சாங்க. அந்தச் சமயம் மையங்கள்ல நின்ன கூட்டம் உங்களுக்கே தெரியும். மாநிலம் முழுக்க ஒரே கதவைத் தட்டினா அந்தப் பக்கம் திணறத்தான் செய்யும். அதை நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்து சரி பண்ண முடியாது.

ஆனா என் கைக்கு வந்த பல கேஸ்களில், கோளாறு சர்வர் வரைக்கும் போகவே இல்லை. கடைக்குள்ளேயே, மேஜைக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னாடி கேபிள் சொருகுறோமே, அந்த ஓட்டைக்கு உள்ளே இருக்கிற சின்னச் சில்லு, அதான் நெட்வொர்க் கார்டு. இல்லைன்னா அதுல சொருகின கேபிள். இல்லைன்னா அந்தக் கேபிளோட அடுத்த முனையில இருக்கிற ஸ்விட்ச். இந்த மூணும் கூட்டம் இல்லாதப்போ சமர்த்தா இருக்கும். கூட்டம் வந்ததும் கழுத்தறுக்கும். இன்னைக்குப் பேச்சு அதைப் பற்றித்தான்.

கார்டுக்கு என்ன வேலை?

நெட் வழியா வர்ற எந்தத் தகவலும் முழுசா வராது, துண்டு துண்டா வரும். ஒரு துண்டு அதிகபட்சம் 1,500 பைட். அதைப் பாக்கெட்னு சொல்றோம். நீங்க ஒரு ஸ்கேன் காப்பியை அப்லோட் பண்ணா அது நூற்றுக்கணக்கான பாக்கெட்டா பிரிஞ்சு போகுது. கிகாபிட் இணைப்பு ஒண்ணு முழுசா நிரம்பி ஓடினா, பெரிய பாக்கெட்டாவே வெச்சாலும் நொடிக்கு சுமார் 81,000. ரொம்பச் சின்னப் பாக்கெட்டா வந்தா நொடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம் வரைக்கும் போகும். நம்ம கடையில அவ்வளவு வராது. ஆனா கார்டு அதைத் தாங்குற மாதிரி செஞ்சிருக்கணும்.

வர்ற பாக்கெட்டை கார்டு ஒரு வரிசையில அடுக்கி வைக்கும். அப்புறம் கம்ப்யூட்டரோட மூளையைக் கூப்பிட்டு, "சரக்கு வந்திருக்கு, எடுத்துக்கோ"ன்னு சொல்லும். மூளை எடுக்கிறதுக்குள்ள வரிசை நிரம்பிட்டா, அடுத்து வர்றது கீழே விழும். விழுந்ததைத் திரும்ப அனுப்பச் சொல்லி எதிர்ப்பக்கத்துக்குத் தகவல் போகணும், அது திரும்ப வரணும். திரையில உங்களுக்குத் தெரியறது அந்தச் சுத்துற வட்டம் மட்டும்தான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ரேஷன் கடையில வரிசையில நிக்கிற ஒவ்வொருத்தரும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை முன்னாடி போய் "என் நம்பர் வந்துடுச்சா, என் நம்பர் வந்துடுச்சா"ன்னு கேட்டா என்ன ஆகும்? எடை போடுறவர் பதில் சொல்லிக்கிட்டே இருப்பார், ஒருத்தருக்கும் அரிசி போகாது. கம்ப்யூட்டருக்கும் அப்படியே நடக்கும். கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, மூளை கூப்பாட்டுக்குப் பதில் சொல்றதிலேயே முழு நேரமும் போயிடும், உருப்படியான வேலை பூஜ்யம். ஜெஃப்ரி மொகுல், கே.கே. ராமகிருஷ்ணன் என்ற ரெண்டு பேர் 1996-ல் இதை ஆராய்ஞ்சு கட்டுரை எழுதினாங்க. சுமை ஏறினா முதல்ல கூப்பாட்டை நிறுத்து, அப்புறம் மூளையே போய்ப் போய் வரிசையைப் பார்க்கட்டும்னு வழியும் சொன்னாங்க. இன்னைக்கு நல்ல கார்டும் நல்ல டிரைவரும் ஓரளவுக்கு அந்த வழியில்தான் ஓடுது. டிரைவர்னா கார்டையும் விண்டோஸையும் பேச வைக்கிற மென்பொருள்.

மலிவான கார்டுக்கும் நல்ல கார்டுக்கும் வித்தியாசம் இங்கேதான். ஒரு காலத்துல ரியல்டெக் 8139-னு ஒரு கார்டு ஊரெல்லாம் இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்ல கூடையில போட்டு வித்தாங்க. அது பாக்கெட்டைத் தானா சரியான இடத்துல வைக்காது, மூளைதான் ஒவ்வொண்ணையும் நகல் எடுத்துக் கொடுக்கணும். பில் பால் என்பவர் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கு அதோட டிரைவரை எழுதினப்போ, உள்ளேயே அந்தக் கார்டைக் கிண்டல் பண்ணிக் குறிப்பு எழுதி வெச்சார். அத்தனை கோபம். ஆனாலும் வீட்டுல ஒரு ஆள் உபயோகிக்க அது போதும். சுமை ஏறாத வரைக்கும் எந்தக் கார்டும் நல்ல கார்டுதான்.

ஆவடி பக்கம் ஒரு மையம்

பேர் வேண்டாம். ரெண்டு கவுண்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், நாலு சிசிடிவி கேமரா. முதல் கவுண்டர்ல தினமும் பதினொண்ணுல இருந்து ஒரு மணி வரைக்கும் நெட் தொங்கும். நடத்துறவர் எனக்கு போன் பண்ணார். "அண்ணே, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி காலையிலேயே வந்துடுங்க"ன்னார். நானும் எட்டரைக்குப் போனேன். அதுதான் நான் பண்ண முதல் தப்பு.

எட்டரை மணிக்கு எல்லாம் அருமையா இருந்தது. பிங் போட்டேன், ஒண்ணுகூட விழலை. ஸ்பீடு டெஸ்ட் போட்டேன், கட்டின காசுக்குச் சரியா வந்தது. கார்டுதான் பழசுன்னு சொல்லிப் புதுசு ஒண்ணு போட்டேன். காசு வாங்கிட்டு வந்துட்டேன். அது வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு பிரச்சினை இல்லை, அவரும் சந்தோஷம், நானும் சந்தோஷம். திங்கட்கிழமை பதினொண்ணரைக்கு போன் அடிச்சது.

இந்தத் தடவை உடனே கிளம்பினேன். உள்ளே போகும்போதே வாசல்ல ஒரு அம்மாவும் பொண்ணும். அந்த அம்மா எஸ்டேட்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில தையல் வேலை. பொண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங், முதல் பட்டதாரிச் சான்று வேணும். அது இருந்தா கல்விக் கட்டணத்துல சலுகை கிடைக்கும். "தம்பி, போன வாரமும் இதேதான் சொன்னாங்க. ரெண்டு ஷிஃப்ட் போச்சு, இந்த மாசம் அட்டெண்டன்ஸ் போனஸும் வராது"ன்னாங்க. நான் வெள்ளிக்கிழமை 'சரி' பண்ணிட்டுப் போன கம்ப்யூட்டர் முன்னாடிதான் அவங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு முகத்துல ஈயாடலை.

கையை எதுலயும் வைக்காம பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டாவது கவுண்டர் ஓடுது, முதல் கவுண்டர் நிக்குது. ஒரே கூரை, ஒரே லைன், ஒரே சர்வர். அப்போ சர்வர் இல்லை. என் போன்ல மொபைல் டேட்டாவுல அதே பக்கத்தைத் திறந்தேன், உள்நுழைவு வரைக்கும் போச்சு. அடுத்து முதல் கவுண்டர்ல இருந்து கடைக்குள்ளேயே இருக்கிற ரவுட்டருக்குப் பிங். இங்கே ஒரு விஷயம் கவனிங்க. விண்டோஸ்ல சும்மா பிங் போட்டா அது அனுப்புறது 32 பைட். இறகு மாதிரி. இறகைத் தூக்கச் சொல்லி ஒருத்தர் முதுகெலும்பைச் சோதிக்க முடியாது. அளவை 1,472-ன்னு கொடுத்தேன், தலைப்பகுதியெல்லாம் சேர்ந்து சரியா 1,500 ஆகும். அப்பவும் ஒழுங்காத்தான் போச்சு.

அந்த நேரம் நடத்துறவர் ஒரு கட்டு ஆவணத்தை ஸ்கேன் பண்ணார். அது முதல் கவுண்டர்ல இருந்து ரெண்டாவது கவுண்டரோட ஃபோல்டருக்குப் போய்ச் சேரும். அதே சமயம் கேமராப் படமும் அந்த கம்ப்யூட்டருக்குள்ள வந்துக்கிட்டு இருக்கு. அதாவது ஒரே நேரத்துல போக்கும் வரத்தும். பிங் அப்படியே விழ ஆரம்பிச்சது. ஒண்ணு வரும், மூணு வராது.

அவர் கடையில இருந்தது எங்கேயோ செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஆபீஸ் ஸ்விட்ச். அதுக்குன்னு தனியா ஒரு பக்கம் உண்டு, பிரவுசர்ல திறந்து ஒவ்வொரு துளையிலும் என்ன நடக்குதுன்னு பார்க்கலாம். திறந்தேன். முதல் கவுண்டர் துளையில பழுதான பாக்கெட் எண்ணிக்கை கண் முன்னாடி ஏறுது. அந்தத் துளையை யாரோ '100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ்'னு கையால பூட்டி வெச்சிருக்காங்க.

கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, இதை விளக்கியே ஆகணும். ஃபுல் டூப்ளெக்ஸ்னா இருவழிச் சாலை, போறவன் போவான், வர்றவன் வருவான். ஹாஃப் டூப்ளெக்ஸ்னா ஒரு வண்டி மட்டும் போற பழைய பாலம், ஒருத்தர் போனா இன்னொருத்தர் நிக்கணும். கார்டும் ஸ்விட்சும் சேர்ந்ததும் எந்த முறையில ஓடலாம்னு தங்களுக்குள்ளே பேசி முடிவு பண்ணும். ஒரு பக்கத்தைப் பூட்டிட்டா அது பேசாது. பேசாதவன்கிட்ட எதுக்கு வம்புன்னு அடுத்த பக்கம் ஹாஃபுக்கு இறங்கிடும். அது விதி. இப்போ ஒரு பக்கம் இருவழிச் சாலைன்னு நினைச்சு ஓட்டுது, இன்னொரு பக்கம் ஒற்றைப் பாலம்னு நினைச்சு நின்னு நின்னு ஓட்டுது. வண்டி கம்மியா இருந்தா மோதாது, காலை எட்டரை மணி மாதிரி. ரெண்டு பக்கமும் சுமை ஏறினதும் நடுப்பாலத்துல மோதல். நான் புதுக் கார்டு போட்டதுனால ஒரு பிரயோஜனமும் இல்லை, புதுக் கார்டும் அதே ஸ்விட்ச்கிட்ட பேசிப் பார்த்துட்டு ஹாஃபுக்குத்தான் இறங்கியிருக்கு.

பூட்டை எடுத்து ரெண்டு பக்கமும் 'ஆட்டோ'வுக்கு மாத்தினேன். கிகாபிட்ல வந்து நின்னது. பிரமாதம். கைப்பையை மூடப் போனேன். நடத்துறவர் பிரிண்ட் எடுக்கச் சக்கர நாற்காலியைப் பின்னாடி தள்ளினார். கார்டுல எரிஞ்ச விளக்கு அணைஞ்சது. நாற்காலி திரும்ப வந்தது, விளக்கு எரிஞ்சது.

குனிஞ்சு பார்த்தா, கேபிள் நாற்காலிச் சக்கரத்துக்குக் கீழே. வருஷக்கணக்கா அதுமேல ஏறி இறங்கித் தட்டையாப் போயிருக்கு. கேபிளுக்குள்ள எட்டு கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ் ஓட ரெண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலும் வேணும். நசுங்கினது பழுப்பு நிற ஜோடி, அது 100-க்குத் தேவைப்படாத ஜோடி. அப்போதான் கதை முழுசும் புரிஞ்சது. முன்னாடி வந்த மெக்கானிக், லைன் கட் ஆகிக் கட் ஆகி வந்ததைப் பார்த்திருக்கார். 100-ல் பூட்டினதும் நின்னுடுச்சு, காசு வாங்கிட்டுப் போயிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் கார்டை மாத்திட்டுக் காசு வாங்கிட்டுத்தானே போனேன்.

புதுக் கேபிளைச் சுவரோரமா, நாற்காலி போகாத வழியில இழுத்தேன். கேபிளும் முனையும் சேர்ந்து ஐநூறு ரூபாய்க்குள்ள. கார்டுக்கு வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்னைக்கு மத்தியானம் அந்தப் பொண்ணோட விண்ணப்பம் போச்சு, ஒப்புகைச் சீட்டும் வந்தது. சீட்டை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டே அந்த அம்மா கேட்டாங்க, "இந்த ஒயருதானா தம்பி, இத்தனை நாளா?"

எப்போ சோதிக்கணும்?

கோளாறு வர்ற நேரத்துலதான் சோதிக்கணும். கடை காலியா இருக்கும்போது எடுக்கிற ஸ்பீடு டெஸ்ட் ஒண்ணையும் நிரூபிக்காது. கூட்டத்துக்கு நடுவே சோதிக்க முடியலைன்னா, கூட்டத்தை நீங்களே உண்டாக்குங்க. ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே ஒரு பெரிய வீடியோ ஃபைலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்துல காப்பி போட்டுக்கிட்டு, ரவுட்டருக்குத் தொடர்ந்து பிங் அடிங்க. ஐபெர்ஃப்னு இலவச மென்பொருள் இருக்கு, அது இந்த வேலையையே இன்னும் ஒழுங்காச் செய்யும்.

ரவுட்டர் வரைக்கும் போற பிங்கே விழுந்தா, குற்றவாளி கடைக்குள்ளே. ரவுட்டர் வரைக்கும் நல்லாப் போய் அதுக்கு அந்தப் பக்கம் விழுந்தா, லைன் கொடுத்தவரைக் கூப்பிடுங்க. இந்த ஒரு கோட்டைப் போட்டுட்டா பாதி வேலை முடிஞ்சது.

கடைக்குள்ளதான்னு தெரிஞ்சா, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. முதல்ல கேபிள். அப்புறம் ஸ்விட்ச்ல வேற துளை. கடைசியில கார்டு. மூணையும் சேர்த்து மாத்தினா சரியாயிடும், ஆனா எது கெட்டதுன்னு தெரியாம நல்ல கார்டைக் குப்பையில போட்டுட்டு, கெட்ட கேபிளை 'ஸ்பேர்'னு அலமாரியில பத்திரமா வெச்சிருப்பீங்க. நான் பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு, உடனே ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. பண்ணா சில சமயம் ஓடும், ஒத்துக்கறேன். ஆனா கார்டு எண்ணி வெச்சிருக்கிற பழுதுக் கணக்கெல்லாம் அழிஞ்சு பூஜ்யமாயிடும். திருடன் கைரேகையைத் துடைச்சுட்டுப் போலீஸைக் கூப்பிடுற கதை. முதல்ல இணைப்பு எந்த வேகத்துல நிக்குதுன்னு பாருங்க. கிகாபிட் கார்டு 100-ல் நின்னா கேபிள் மேல சந்தேகப்படுங்க. விண்டோஸ்ல ஈவென்ட் வியூவர்னு இருக்கு, அதுல இணைப்பு அறுந்த நேரமெல்லாம் பதிவாகியிருக்கும். நேரத்தை வெச்சே பல கோளாறைப் பிடிக்கலாம். ஏசி போட்ட நேரமா, ஜெராக்ஸ் மெஷின் ஓடின நேரமா, கேமராப் பதிவு காப்பி ஆகிற நேரமா?

கேபிள் வாங்கும்போது கத்தியால லேசாச் சுரண்டிப் பாருங்க. உள்ளேயும் செம்பு நிறமா இருந்தா செம்பு. வெள்ளையாத் தெரிஞ்சா அது செம்பு பூசின அலுமினியம். விலை கம்மி, ஆனா மின்தடை அதிகம், சீக்கிரம் முறியும். நம்ம பக்கத்துல இன்னொரு தொல்லை ஈரம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ அம்பத்தூர் எஸ்டேட்ல தண்ணி நின்னது ஞாபகம் இருக்கும். அப்படித் தண்ணி வந்த இடத்துல, கம்ப்யூட்டரைக் காப்பாத்தி மாடிக்கு எடுத்துட்டுப் போனாலும், சுவர்ல இருக்கிற சாக்கெட் அங்கேயேதான் இருக்கும். முனையில பச்சையாக் களிம்பு ஏறும். லேசான சுமையில ஓடும், சுமை கூடினா விட்டு விட்டு வரும். கண்ணாடி போட்டுக்கிட்டு, டார்ச் அடிச்சு அந்தத் துளைக்குள்ள பாருங்க.

அமைப்புல பார்க்க வேண்டியது ரெண்டு இருக்கு. டிவைஸ் மேனேஜர்ல கார்டைத் திறந்தா, மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைச்சுக்கலாம்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க. 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்', 'கிரீன் ஈதர்நெட்'னு இருக்கிறதையும் நிறுத்திப் பாருங்க. நல்ல நோக்கத்துல 2010-ல் வந்த தரம்தான். ஆனா ரெண்டு கம்பெனிச் சாமான் சேரும்போது ஒண்ணு தூங்கி இன்னொண்ணு முழிக்கும். வேகத்தையும் டூப்ளெக்ஸையும் மட்டும் கையால பூட்டாதீங்க. ஆவடிக் கதையே போதும்.

கேபிள் இல்லாம யூஎஸ்பி வைஃபை சில்லு போட்டிருக்கீங்களா? அதுக்குப் பக்கத்துத் துளையில யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் சொருகாதீங்க. அந்த யூஎஸ்பி 3 ஓடும்போது வர்ற மின்இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மேலேயே விழும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி அறிக்கை போட்டது. சில்லை ஒரு சின்ன நீட்டிப்புக் கேபிள்ல தள்ளி வெச்சாலே போதும்.

நல்ல கம்பெனிக் கார்டு வாங்கிட்டா கவலை இல்லைன்னு நினைக்காதீங்க. 2013-ல் அமெரிக்காவுல கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்ற இன்ஜினியர், இன்டெல் 82574எல் சில்லு போட்ட மெஷின்கள் திடீர் திடீர்னு நெட் செத்துப் போறதைத் துரத்தினார். மெஷின் ஓடும், கார்டு மட்டும் செத்திருக்கும், மின்சாரத்தை முழுசா நிறுத்தினாத்தான் உயிர் வரும். நிஜமான போக்குவரத்தைப் பதிவு பண்ணி, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். கடைசியில, பாக்கெட்டோட ஒரு குறிப்பிட்ட இடத்துல ஒரு குறிப்பிட்ட மதிப்பு வந்தா கார்டு படுத்துடும்னு கண்டுபிடிச்சார். ஒரு மதர்போர்டு தயாரிப்பாளர் கார்டோட நினைவகத்துல தப்பான தகவலை எழுதினதுதான் காரணம்னு இன்டெல் சொன்னது. அப்புறம் 2020 வாக்கில வந்த மதர்போர்டுகள்ல இன்டெல் ஐ225-வி சில்லு. அதோட ஆரம்பப் பதிப்புகள் 2.5 கிகாபிட்ல சில ஸ்விட்சுகளோடு சேர்ந்தா பாக்கெட்டைக் கீழே போட்டது, 1 கிகாபிட்டுக்கு இறக்கி ஓட்டச் சொன்னாங்க. பெட்டியில போட்டிருக்கிற பேரை நம்புறதைவிட, சுமை ஏத்திப் பார்த்து நம்புறது என் பழக்கம்.

வரிசையில நிக்கிறவங்களுக்கு

உங்க கையில போன் இருக்கு. "சர்வர் டவுன்"னு சொன்னதும், மையத்தோட வைஃபையில இல்லாம, உங்க மொபைல் டேட்டாவுல இ-சேவை இணையதளத்தைத் திறந்து பாருங்க. முகப்புப் பக்கம் வந்தா மட்டும் முடிவுக்கு வராதீங்க, உள்ளே போற பகுதியோ பணம் கட்டுற பகுதியோ தனியாத் தேங்கலாம். உங்க போன்லயும் திறக்கலைன்னா, மையத்துக்காரரோட சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. நல்லாத் திறந்தா, அமைதியா ஒரு கேள்வி கேளுங்க: "எல்லாக் கவுண்டரும் நிக்குதா, இது ஒண்ணு மட்டுமா?" அந்தக் கேள்வியே அவரை யோசிக்க வைக்கும்.

மையம் நடத்துறவங்களுக்கு அவசரத்துக்கு ஒரு வழி: உங்க சொந்த போனை யூஎஸ்பி கேபிள்ல இணைச்சு டெதரிங் போடுங்க. அது கார்டு, கேபிள், ஸ்விட்ச், ரவுட்டர் நாலையும் தாண்டிப் போயிடும். வேலை ஓடினா, வந்தவரை அனுப்பிட்டு அப்புறம் அந்த நாலுல எதுன்னு தேடலாம்.

பணம் கட்டும்போது பாதியில நின்னுடுச்சுன்னா உடனே ரெண்டாவது தடவை கட்டாதீங்க. உங்க கேன் எண், அதாவது குடிமக்கள் கணக்கு எண் இருக்கில்லையா, அதை வெச்சு விண்ணப்பம் பதிவாகியிருக்கான்னு முதல்ல பார்க்கச் சொல்லுங்க. பாக்கெட் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில விழுந்திருக்கலாம். தேதி, நேரம், பணம் போன குறுஞ்செய்தி மூணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. புகார் கொடுக்க 1100-ஐக் கூப்பிட்டா, நேரத்தோடு சொல்ற புகாருக்கு மதிப்பு அதிகம்.

நெட் கோளாறே இல்லாததையும் சில பேர் சர்வர் தலையில கட்டுவாங்க. அம்பத்தூர் தாலுகா 2018-லேயே சென்னை மாவட்டத்துக்குள்ள வந்துடுச்சு. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். எல்லையில குடியிருக்கிறவங்களுக்கு மாவட்டத்தைத் தப்பாத் தேர்ந்தெடுத்துட்டு, தாலுகா பேர் வரலையே, சர்வர் பிரச்சினைன்னு உட்கார்ந்திருந்தவரை நான் பார்த்திருக்கேன். அதுக்கு நான் கைப்பையைத் திறக்கக்கூட இல்லை.

அப்புறம் தயவுசெஞ்சு, காத்திருக்கிற நேரத்துல மையத்தோட வைஃபையில ரீல்ஸ் பார்க்காதீங்க. உங்களுக்கு முன்னாடி நிக்கிறவரோட ஆவணமும் அந்த வழியாத்தான் போகணும்.

கேள்வி நேரத்தில்

பூந்தமல்லியில் இருந்து வந்த ஒருவர்: "ரோட்டுல தோண்டும்போது ஃபைபர் கட் ஆகுது. அதுக்கும் இதுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?"

ஃபைபர் அறுந்தா எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நொடியில நிக்கும், கூட்டம் இருந்தாலும் இல்லைன்னாலும் நிக்கும். ஃபைபர் பெட்டியில எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பா எரியும். ரவுட்டருக்குப் போற பிங் மட்டும் ஜோரா இருக்கும். கார்டு, கேபிள் கோளாறு பெரும்பாலும் ஒரு மேஜையோட நிக்கும், கூட்ட நேரம் பார்த்து வரும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. யாரோ ஒரு கேபிளோட ரெண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்லேயே சொருகிட்டா, பாக்கெட் சுத்திச் சுத்தி எல்லா மேஜையும் நிக்கும். ஸ்விட்ச் விளக்கெல்லாம் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி ஒண்ணா மின்னும். பெருக்க வந்தவங்க தொங்கின முனையைப் பார்த்து நல்ல எண்ணத்துல சொருகியிருப்பாங்க.

திருமுல்லைவாயலில் மையம் நடத்தும் ஒரு பெண்: "எங்க கடையிலயும் கூட்ட நேரத்துல மட்டும்தான் சார் வருது. ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்னைக்கு வந்து நிதானமாப் பார்க்கிறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்மா. திங்கட்கிழமை பதினொண்ணரைக்கு வரேன். கூட்டத்தை அனுப்பிடாதீங்க, கேமராவையும் நிறுத்தாதீங்க. எப்பவும் போல ஸ்கேன் பண்ணிக்கிட்டே இருங்க, நான் ஓரமா உட்கார்ந்துக்கறேன்.